காப்பி 100% காட்டினாலும் பென்டிரைவைப் பிடுங்காதீர்கள்

லினக்ஸில் 2 ஜிபி கோப்பை பென்டிரைவுக்குப் போட்டால் சில நொடிகளிலேயே 100% காட்டிவிடும், அப்புறம் எஜெக்ட் கொடுத்தால் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். பென்டிரைவில் கோளாறு இல்லை. கோப்பு இன்னும் ரேமில்தான் இருக்கிறது. இது தெரியாமல் பிடுங்கி, மறுநாள் ஊரில் போய்த் திறந்தால் ஒரு கோப்புகூட முழுசாக இல்லை. அந்த அனுபவம் எனக்கு உண்டு.

நிரல் எழுதச் சொன்னதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், தரவை ரேமிலுள்ள பேஜ் கேஷ் என்ற தற்காலிக இடத்தில் வைத்துவிட்டு எழுதியாச்சு என்று பதில் சொல்லிவிடும். இப்படி டிஸ்க்குக்குப் போகாமல் ரேமில் நிற்கும் பக்கங்களுக்கு (தரவின் சிறு துண்டுகளுக்கு) டர்ட்டி பேஜ் என்று பெயர். 5 நொடிக்கு ஒருமுறை கர்னல் எழுந்து பார்த்து, 30 நொடியைத் தாண்டியவற்றை எழுதும். கைவசமுள்ள ரேமில் 10% டர்ட்டி ஆனால் காத்திராமல் பின்னணியில் எழுதத் தொடங்கும், 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதும் நிரலையே பிடித்து நிறுத்தி வைக்கும். பெரிய காப்பி ஓடும்போது சிஸ்டம் திடீரென்று திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதனால் லாபமும் பெரிது. ஒரே இடத்தைப் பத்து தடவை மாற்றினாலும் டிஸ்க்குக்கு ஒரே தடவை போனால் போதும். லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4, டிஸ்க்கின் எந்த பிளாக்கில் எழுதுவது என்பதையே கடைசி வரை தள்ளிப்போடுவதால், கோப்பு சிதறாமல் அடுத்தடுத்து உட்காரும்.

சரி, நேரில் பார்க்க வேண்டுமா? காப்பி ஓடும்போது கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பை மறுபடி மறுபடி திறந்து டர்ட்டி, ரைட்பேக் (இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருப்பது) என்ற இரண்டு வரிகளைக் கவனியுங்கள். டர்ட்டி மளமளவென்று ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். டெர்மினலில் சிங்க் என்று அடித்தால் எல்லாம் டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் பிராம்ப்ட் திரும்ப வரும், பிடுங்கும் முன் அதை அடித்துவிட்டு எஜெக்ட் கொடுங்கள்.

16 ஜிபி ரேமில் அந்த 20% வரம்பு என்றால் சுமார் 3 ஜிபி. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அது 5 நிமிட வேலை! அதனால் கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை மூலம் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் (பின்னணியில் எழுதத் தொடங்கும் வரம்பு) அளவை 16 எம்பிக்கும் டர்ட்டி பைட்ஸ் (நிரலை நிறுத்தி வைக்கும் வரம்பு) அளவை 48 எம்பிக்கும் குறைத்துப் பாருங்கள், மதிப்பை பைட்டில்தான் கொடுக்க வேண்டும். காப்பி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் இது எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்துப் பொருந்தும், நிறைய எழுதும் சர்வரில் யோசிக்காமல் வைக்காதீர்கள்.

டிடி என்ற காப்பி கட்டளையை வைத்து டிஸ்க் வேகம் அளப்பவர்கள் அதன் கான்வ் ஆப்ஷனில் எஃப்சிங்க் (கோப்பு டிஸ்க்கில் இறங்கும் வரை காத்திருக்கச் சொல்வது) கொடுங்கள். இல்லாவிட்டால் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 2 ஜிபி எழுதுவதாகச் சொல்லும், அது ரேமின் வேகம்.

டேட்டாபேஸ் கதை வேறு. மாற்றத்தை உறுதிசெய்யும் ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க் அழைத்து டிஸ்க்கில் இறங்கும் வரை அது காத்திருக்கும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் ஆயிரம் வரிகளைத் தனித்தனியாகச் சேர்த்தால் ஆமை வேகத்தில் போவது அதனால்தான். எஃப்சிங்கை அணைக்க வேண்டாம், கரண்ட் போனால் தரவே கெட்டுப்போகலாம். ஆயிரத்தையும் ஒரே கமிட்டில் முடியும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் போடுங்கள், காத்திருப்பது ஒரே தடவைதான்.