கல்பாசி உலோகத்தைப் பிடிப்பதையும் விடுவதையும் வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

செட்டிநாட்டு மசாலாவுக்கு மணம் தரும் கல்பாசி, பெயரில் பாசி இருந்தாலும் பாசி இல்லை. அது ஒரு லைக்கன். ஒரு பூஞ்சையும் அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியும் ஓருடலாக வாழ்கின்றன. வேர் கிடையாது. இலைகளுக்கு இருக்கும் மெழுகுப் பூச்சும் கிடையாது. மழை, பனி, தூசி என்று மேலே எது விழுகிறதோ அதிலிருந்துதான் பெரும்பாலும் தண்ணீரும் தாதுச் சத்தும். காற்றில் ஈயமோ காட்மியமோ இருந்தால் அதுவும் கூடவே வந்து சேரும்.

அதனால்தான் காற்று மாசை அறிய லைக்கனைத் தேடிப் போகிறார்கள். ஆனால் பிடித்ததையெல்லாம் அது கடைசிவரை வைத்திருப்பதில்லை. பலர் சொல்லாமல் விடும் பாதி இதுதான். வாருங்கள், இரண்டையும் பார்த்துவிடலாம்.

தேவையானவை: கல்பாசி 10 கிராம், மயில்துத்தம் (காப்பர் சல்பேட், அதாவது நீல நிறச் செம்பு உப்பு) 1 கிராம், வெள்ளை வினிகர், சாதாரண இரும்பு ஆணி 3, பழைய கண்ணாடி டம்ளர்கள், கையுறை. கல்பாசியைக் கடையிலேயே வாங்குங்கள். மரத்திலிருந்து உரிக்க வேண்டாம், அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மயில்துத்தம் விஷம். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

படி 1. ஆணிகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து வையுங்கள். துத்தநாகம் பூசிய ஆணி ஆகாது.

படி 2. கல்பாசியைச் சரிபாதியாகப் பிரித்துத் தண்ணீரில் போடுங்கள். இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே சாம்பல், அடியில் கறுப்பு, தொட்டாலே நொறுங்கும் சருகு அது. சில நிமிடங்களில் சுருண்ட ஓரம் விரிந்து, மெல்லிய தோல்போலத் துவண்டுவிடும். மலையில் மழை பெய்யும்போதும் இப்படித்தான் உறிஞ்சும். உலோகம் உள்ளே வருவதும் இந்தத் தண்ணீரோடுதான்.

படி 3. 200 மி.லி. தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரைத்து ஒரு பாதியை ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இன்னொரு பாதி வெறும் தண்ணீரில். நீலம் குறைந்ததா என்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாது. ஆணிதான் நமக்குச் சாட்சி.

படி 4. இரண்டையும் தனித்தனியாக ஐந்தாறு முறை நன்றாக அலசுங்கள். அவசரப்பட்டால் சோதனையே வீண். துத்தத்தில் ஊறியதன் கடைசி அலசல் நீரைத் தனி டம்ளரில் எடுத்து, அதே அளவு வினிகர் சேர்த்து முதல் ஆணியைப் போடுங்கள். ஆணி சிவக்கவில்லை என்றால், மேலே ஒட்டியிருந்த துத்தநீர் போய்விட்டது என்று அர்த்தம்.

படி 5. ஒவ்வொரு பாதியையும் 50 மி.லி. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் கல்பாசியை எடுத்துவிட்டு ஆளுக்கொரு ஆணி. இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். துத்தத்தில் ஊறியதன் வினிகரில் இருக்கும் ஆணியில் செம்பு படிந்து சிவந்திருக்கும். மற்றது சாம்பலாகவே இருக்கும்.

எத்தனை அலசியும் போகாத செம்பு வினிகரில் மட்டும் ஏன் வெளியே வந்தது? பூஞ்சையின் செல் சுவரில் எதிர்மின் இடங்கள் உண்டு. கால்சியம், மக்னீசியம் உட்கார்ந்திருந்த அந்த இடங்களை அவற்றைத் தள்ளிவிட்டுச் செம்பு பிடித்துக்கொண்டது. வினிகரின் ஹைட்ரஜன் அயனிகள் வந்து செம்பைத் தள்ளின. கடைக் கல்பாசி காய்ந்து கிடக்கும் சரக்கு. ஆனாலும் பிடித்தது பாருங்கள். செல் சுவர் செய்யும் இந்த வேலைக்கு உயிர் தேவையில்லை.

வெளியிலும் இதேதான். அமில மழை பெய்தால் சுவரில் இருந்த உலோகம் கழன்று ஓடும். ஈயமும் செம்பும் இறுக்கமாகப் பிடிக்கும், துத்தநாகமும் காட்மியமும் எளிதில் நழுவும். இழைகளுக்கு நடுவே சிக்கிய தூசி தனிக்கணக்கு. உயிருள்ள செல்லுக்குள் மெதுவாகப் புகுந்தது, செல் செத்தால்தான் பெரும்பாலும் கசியும். ஆகவே ஆய்வகங்களில் முதலில் தண்ணீர், பிறகு செல் சுவரிலிருந்து உலோகத்தைக் கழற்றும் வேதிப்பொருளான நிக்கல் குளோரைடு அல்லது ஈ.டி.டி.ஏ., கடைசியில் வலுவான அமிலம் என்று படிப்படியாகக் கழுவி, எது எங்கே இருந்தது என்று பிரிக்கிறார்கள். மொத்த அளவை மட்டும் பார்த்தால் நேற்று விழுந்த தூசியும் செல்லுக்குள் போனதும் ஒன்றாகிவிடும்.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் வெளியே பரவியிருந்ததை, லைக்கன், மாஸ் (பாறையிலும் மரத்திலும் பச்சையாகப் படரும் சிறு தாவரம்) மாதிரிகளை ஆராய்ந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மலைக்காற்றில் போனதற்கு வேறு யார் சாட்சி சொல்லியிருப்பார்கள்?

கடைசி வேலை. துத்தம் பட்ட நீர் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி, இரும்புக் கம்பிநாரைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். நீலம் போன பிறகு, அடியில் படிந்த செம்பையும் அந்தக் கல்பாசியையும் தாளில் பொதிந்து குப்பையில் போடுங்கள். நீரைக் கிணற்றிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள், மீன்களுக்குச் சிறிதளவு செம்பே ஆகாது. மிஞ்சிய கல்பாசி எதுவும் சமையலறைக்குத் திரும்பிப் போகக் கூடாது.