‘ரப் +’ என்று எழுதுவதற்கு முன்

கேஸ் ஷீட்டில் ‘ரப் +’ என்று கிறுக்க இரண்டு விநாடி போதும். அதை எழுதலாமா கூடாதா என்று முடிவு செய்யத்தான் எனக்குப் பல வருடம் பிடித்தது. அரசு மருத்துவமனை மெடிசின் வார்டில் ஹவுஸ் சர்ஜன்களோடு சுற்றியே ஓய்வு பெற்றவன் நான். புதிதாக ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தச் சொல்லைப் பார்த்து மிரண்டவர்களும் படிக்கலாம்.

ரப் என்றால் உரசல்; பக்கத்தில் ‘+’ போட்டால் அது கேட்டது என்று அர்த்தம். தமிழில் எழுதுவதானால் உராய்வொலி. பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விசையின் அதே உராய்வுதான். இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்குள்ள உறை இருக்கிறது. நடுவே 15 முதல் 50 மில்லி வரை திரவம். எண்ணெய் விட்ட கீல் மாதிரி அடுக்குகள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். காசநோய், வைரஸ், சிறுநீரகம் செயலிழந்து யூரியா ஏறுவது, மாரடைப்பு என்று ஏதோ ஒன்றால் அங்கே அழற்சி வந்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும். பிறகு ஒவ்வொரு துடிப்புக்கும் தேய்ப்புதான். நுரையீரல் உறையிலும் இதே கதை. கல்லீரல், மண்ணீரல் மேலும் எப்போதாவது கேட்கும். அரிவாள் செல் நோயில் மண்ணீரலின் ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்தால் இடது விலாவோரம் உரசும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அந்த நோய் உண்டு. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் எப்படி இருக்கும்? பதனிட்ட தோல் கிறீச்சிடுவது போல என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வரும் கிரேக்க நூல்களிலேயே இருக்கிறது. 1824-இல் பாரிஸில் விக்டர் கொலன் இதய உறைச் சத்தத்தைப் பதனிட்ட புதுத்தோலின் ஒலி என்றார். பனியில் பூட்ஸோடு நடப்பது போல என்று எங்கள் பாடநூல் சொன்னது. மதுரைக்காரன் பனிக்கு எங்கே போவான்? எங்கள் சீஃப்தான் காப்பாற்றினார்: “புதுச்செருப்பு போட்டுக்கிட்டு கல்யாண வீட்டுக்குள்ள நடந்து பாருடா, அதான்.”

வார்டுக்குப் போகுமுன் வீட்டிலேயே காதைப் பழக்கலாம். இடது உள்ளங்கையால் இடது காதை மூடிக்கொண்டு, அந்தக் கையின் புறப்பக்கத்தை வலது விரலால் மெல்லத் தேயுங்கள். அது ரப். காதோர முடியை இரண்டு விரலிடையே உருட்டினால் வரும் பொடிச் சத்தம் கிரெப்ஸ், அதாவது மூச்சு இழுக்கும்போது நுரையீரலில் கேட்கும் நொறுநொறுப்பு. முழங்காலை மடக்கும்போது வருகிற ‘கறமுற’வுக்கு கிரெபிடஸ் என்று பெயர். பெயர் ஒரே குடும்பம், விஷயம் வேறு. கிரெப்ஸ் இருந்த இடத்தில் கிரெபிடஸ் என்று எழுதிய ஷீட்டை நான் ஒருமுறைக்கு மேல் திருத்தியிருக்கிறேன்.

இதய உறையின் உரசலைக் கேட்க வேண்டுமானால் நோயாளியைப் படுக்கவைத்துக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லுங்கள். மூச்சை முழுக்க விட்டுவிட்டு அப்படியே நிறுத்தட்டும். டயாஃப்ரத்தை, அதாவது ஸ்டெதாஸ்கோப்பின் தட்டையான வட்டப் பக்கத்தை, மார்பெலும்பின் இடது ஓரத்தில், கீழ்ப்பகுதியில், நன்றாக அழுத்தி வையுங்கள். பயந்து பயந்து தொட்டால் கிடைக்காது. முழுதாக வந்தால் ஒரு துடிப்புக்கு மூன்று உரசல்: கீழறை சுருங்கும்போது ஒன்று, அது விரியும்போது ஒன்று, மேலறை சுருங்கும்போது ஒன்று. பல சமயம் இரண்டுதான் கேட்கும். ஒன்று மட்டும் கேட்டால் மர்மரா (இதயத்துக்குள் ரத்தம் சுழித்து ஓடும் இரைச்சல்) ரப்பா என்று குழம்புவீர்கள். மர்மர் கழுத்துக்கோ அக்குளுக்கோ பரவக்கூடும். ரப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே, காதுக்குப் பக்கத்தில் யாரோ சுரண்டுவது போல இருக்கும்.

மூச்சை நிறுத்தியும் சத்தம் தொடர்ந்தால் இதய உறை. மூச்சோடு நின்றுபோனால் நுரையீரல் உறை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ‘ரப்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். நுரையீரல் உறைச் சத்தம் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வரும், இருமச் சொன்னாலும் மாறாது. சளியால் வரும் சத்தம் இருமினால் மாறும் அல்லது மறையும். எங்கே குத்துகிறது என்று நோயாளியையே கேளுங்கள். ஒரு விரலால் காட்டுவார். முதலில் அங்கே வையுங்கள்.

நெஞ்சுமுடி டயாஃப்ரத்துக்கு அடியில் நொறுங்குவதை ரப் என்று எழுதி ரவுண்ட்ஸில் நான் அசடு வழிந்திருக்கிறேன். தண்ணீர் தொட்டு முடியை நனைத்தால் அந்தச் சத்தம் அடங்கும். சேலைக்கு மேலும் சட்டைக்கு மேலும் வைத்துக் கேட்பது வேண்டாம். ஸ்கிரீனை இழுத்து மறைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு தொல்லை, இது வந்து வந்து போகும் சத்தம். காலை ஏழு மணிக்கு நான் கேட்டது பத்து மணிக்கு சீஃபுக்குக் கேட்காது. முதல் தடவை திட்டு விழும் என்று நடுங்கினேன். அவர் ஷீட்டைப் பார்த்து, “மணி எங்கே, எப்படி உட்கார்ந்திருந்தார் எங்கே?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன்: ‘காலை 7.00, முன்குனிந்த நிலை, இடது மார்பெலும்போரம் கீழ், மூச்சை நிறுத்தியும் கேட்டது.’ கேட்காததால் நோய் இல்லை என்றும் ஆகாது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதலில் நெஞ்சுவலி, உராய்வொலி, ஈசிஜி மாற்றம், திரவச் சேர்க்கை ஆகிய நான்கில் இரண்டு இருந்தாலே கடும் இதய உறை அழற்சி என்று சொல்லலாம் என்றிருந்தது. உராய்வொலியோ அதிகம் போனால் மூன்றில் ஒருவருக்குத்தான் கேட்கிறது.

மறைந்துபோன ரப் என்னை ஒருமுறை ஏமாற்றியது. டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தவர். இரண்டு நாள் சத்தம் தெளிவாக இருந்தது, மூன்றாம் நாள் இல்லை. ‘ரப் மறைந்தது, முன்னேற்றம்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். சிஸ்டர் ஆள் அனுப்பினார்: “சார், பி.பி. இறங்குது, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு.” போய்க் கேட்டால் இதயத் துடிப்பே எங்கோ தூரத்தில் இருந்தது. உறைக்குள் திரவம் கூடி அடுக்குகளைப் பிரித்துவிட்டிருந்தது. உரசுவதற்கு எதிர்ப்பக்கம் இல்லை, அதனால் சத்தம் இல்லை. எக்கோ பார்த்து, ஊசி போட்டுத் திரவத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ரப் நின்றால் பி.பி., நாடி, கழுத்து நரம்பு மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள். திரவம் நிறையச் சேர்ந்த பிறகும் சிலருக்கு ரப் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், சத்தம் இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வீட்டாரிடம் சொல்லும்போது ‘பெரிகார்டியல் ரப்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹார்ட்டுல ஓட்டைங்கிறீங்களா சார்?” என்று அழுதார். “இல்லம்மா, ஹார்ட்டுக்கு மேல உறை மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல புண்ணாகி உரசுது, மருந்து குடுக்குறோம், தினமும் கேட்டுப் பார்ப்போம்” என்றேன். அடுத்த நாள் நான் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டது: “இன்னிக்கு உரசுதா சார்?”