சாவியைக் கொடுக்கும் முன் ஓர் ஊது: சாரதிகளுக்கு மது, போதைப் பரிசோதனை செய்வது எப்படி?

கொழுந்து லொறி, பாடசாலை வேன், சின்ன பஸ் என்று சொந்தமாக வாகனம் வைத்து, சம்பளத்துக்குச் சாரதி வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு எடுத்த மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது எடுத்த நாளின் கதையைத்தான் சொல்லும், இன்று காலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பொலிஸ் ஊதச் சொல்வது வண்டி தெருவில் இறங்கிய பிறகு. கினிகத்தேனை ஏற்றத்திலோ நானுஓயா பனிமூட்டத்திலோ வண்டி போய்க்கொண்டிருக்கும்போது சாரதி போதையில் இருப்பது தெரியவருவதைவிட, சாவி உங்கள் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடுவது நல்லது.

1. முதலில் கடிதம், பிறகு கருவி

யாரை, எப்போது, எந்த அளவுக்கு மேல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சாரதி வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். அவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்கட்டும். உங்கள் மச்சான் ஓட்டும் வேனுக்கும் இதே விதிதான் என்று அதில் எழுதாவிட்டால், மற்றவர்கள் முதல் வாரமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அளவு விஷயத்தில் என் கருத்து: சட்டத்தின் எல்லையை உங்கள் எல்லையாக வைக்காதீர்கள். இலங்கையில் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் வரைதான் சட்டம் விடுகிறது. அமெரிக்காவில் கனரக வாகனம், பயணிகள் பஸ் ஓட்டுபவர்களுக்கு 40. அங்கே 20க்கும் 40க்கும் இடையில் இருந்தாலே குறைந்தது 24 மணி நேரம் வண்டியைத் தொட முடியாது. நானும் 20ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் அன்று சாவி கிடையாது, அவ்வளவுதான். மற்றச் சாரதிகள் முன்னால் ஏச வேண்டாம். மாற்றுச் சாரதி ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். ஆள் இல்லாவிட்டால், ‘இன்றைக்கு மட்டும் போய்ட்டு வாங்க’ என்று நீங்களே சாவியைக் கொடுத்துவிடுவீர்கள்.

2. கருவி

மூச்சை ஊதி மதுசாரத்தை அளக்கும் கருவியைச் சொல்கிறேன். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் குறைகடத்தி (செமிகண்டக்டர்) வகையை வாங்க வேண்டாம். நீரிழிவு உள்ளவரின் மூச்சில் வரும் அசிட்டோனைக்கூட அவை மதுசாரம் என்று காட்டக்கூடும். எரிபொருள் கலம், அதாவது ஃபியூவல் செல் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊதுகுழாய் ஆளுக்கொன்று புதிது. உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்யாத கருவி காட்டும் எண்ணை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம்: அலகு. ஒரு கருவி 0.08 என்று காட்டும், இன்னொன்று 0.38 என்று காட்டும், இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். முதலாவது இரத்தத்தில் சதவீதம், அதுதான் நம் சட்டத்தின் 80 மில்லிகிராம். இரண்டாவது ஒரு லீட்டர் மூச்சில் உள்ள மில்லிகிராம். மூச்சின் அளவை 2100ஆல் பெருக்கித்தான் இரத்த அளவைக் கணிக்கிறார்கள். ஆகவே என் எல்லையான 20, சதவீதக் கருவியில் 0.02, மூச்சுக் கருவியில் கிட்டத்தட்ட 0.10. பெட்டியைப் பிரித்ததும் அமைப்பில் எந்த அலகு என்று பார்த்து, கருவியின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.

3. ஊதச் சொல்வது

வந்தவுடன் ஊதச் சொல்லாதீர்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, 15 நிமிடம் வெற்றிலை, சிகரெட், இருமல் மருந்து எதுவும் இல்லாமல் உட்கார வையுங்கள். அரிஷ்டத்தைக் கட்டாயம் கேளுங்கள். புளிக்க வைத்துச் செய்யும் மருந்து அது, மதுசாரம் உண்டு. ‘அண்ணே, காலையில அரிஷ்டம் ஏதும் குடிச்சீங்களா?’ என்று சாதாரணமாகக் கேட்டால் சாதாரணமாகவே பதில் வரும்.

எண் எல்லையைத் தாண்டினால் இன்னும் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதட்டும். வாயில் மட்டும் இருந்த மதுசாரம் அதற்குள் போய்விடும். இரத்தத்தில் இருப்பது போகாது. இரண்டாவது எண்தான் கணக்கு.

நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் குளிரில் கருவியை இரவு முழுக்க வண்டிக்குள் விட்டுவைத்தால் காலையில் ஒழுங்காக வேலை செய்யாது. ஜெக்கட்டின் உள்பைக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

‘ராத்திரி குடிச்சது, தூங்கி எழும்பியாச்சு’ என்ற வாதம் வரும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 60 கிலோ எடையுள்ள ஆண் அரைப் போத்தல் சாராயத்தை, அதாவது 375 மில்லியை, இரவு பத்து மணிக்கு முடிக்கிறார். உள்ளே போனது ஏறக்குறைய 100 கிராம் மதுசாரம். இரத்தத்தில் 0.24 சதவீதம் வரை ஏறும். உடம்பு சராசரியாக மணிக்கு 0.015தான் இறக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு இன்னும் 0.13 மிச்சம். தேத்தண்ணியோ குளியலோ இதைக் குறைக்காது. தோட்டத்தில் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஊத வைப்பது இதனால்தான்.

4. போதைப்பொருள்

இது தினசரி வேலை அல்ல. சீட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வண்டி மட்டும் வைத்திருப்பவர் யாரைக் குலுக்குவது? அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் பலர் சேர்ந்த ஒரு குழுவில் பெயர் கொடுத்தாக வேண்டும். நாமும் பக்கத்து வேன்காரர்களோடு சேர்ந்து ஒரே டப்பாவில் சீட்டுப் போடலாம்.

பரிசோதனைப் பட்டைகள் பொருத்திய சிறுநீர்க் கிண்ணம் வாங்கும்போது கஞ்சா, ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) மூன்றுக்கும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரமடோல் என்ற வலி மாத்திரை, ஹெரோயின் வகையைக் காட்டும் வழக்கமான ஓபியேட் பட்டையில் சிக்காது, அதற்குத் தனிப் பட்டை வேண்டும். கிண்ணம் கைக்கு வந்ததும் வெளியே ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டையைப் பாருங்கள். நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 பாகைக்குள் இருக்க வேண்டும். நம் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும், பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

கோடு வாசிப்பதில் கவனம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு நேர் எதிர் இது: இரண்டு கோடு என்றால் போதைப்பொருள் இல்லை. பரிசோதனைக் கோடு மங்கலாக இருந்தாலும் இல்லை என்றே அர்த்தம். பரிசோதனைக் கோடே வராவிட்டால்தான் சந்தேகம். மற்றது கட்டுப்பாட்டுக் கோடு, பட்டை வேலை செய்கிறது என்று காட்டுவது; அது வராவிட்டால் பட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

சந்தேகம் என்றுதான் சொன்னேன். கொடெயின் கலந்த வலி மாத்திரை ஓபியேட்டைக் காட்டும், சில தடிமன் மருந்துகள் ஐஸ் வகையைக் காட்டும். மாதிரியை ஆய்வுகூடத்தில் நிறைநிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) முறையில் உறுதிப்படுத்தும் வரை சாவியை மட்டும் வாங்கி வையுங்கள், வேலையை அல்ல. கஞ்சா தொடர்ந்து பாவித்தவருக்கு வாரக்கணக்கில் காட்டும் என்பதால், அவர் இப்போது போதையில் இருக்கிறார் என்று இந்தப் பட்டை நிரூபிக்காது.

பின்சேர்க்கை: ‘சிறுநீர் வரவில்லை என்கிறாரே, ஏமாற்றுகிறாரா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பக்கத்தில் ஆள் நிற்கும்போது பலருக்கு வராது. அமெரிக்க விதியில் மூன்று மணி நேரம் வரை பொறுத்து, அதற்குள் ஏறக்குறைய 1.2 லீட்டர் வரை குடிக்க விடுகிறார்கள். அதற்கு மேல் ஊற்றிக் கொடுத்தால் மாதிரி நீர்த்துப்போகும். அந்த நேரம் வரை வண்டியை மாற்றுச் சாரதி எடுத்துப் போகட்டும்.