ஆங்கிலப் பட்டியலுக்கு முன் கோலன்: எங்கே சறுக்குகிறோம்?

வேலை விண்ணப்பமோ அலுவலகக் கடிதமோ, ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வந்தாலே நம் கை முக்காற்புள்ளிக்கு, அதாவது கோலனுக்குப் போய்விடும். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்:

‘மை ஹாபீஸ் ஆர்: ரீடிங், சிங்கிங் அண்ட் ஸ்விம்மிங்.’

இங்கே கோலன் பிழை. ‘ஆர்’ என்ற வினை, ஹாபீஸ் யாவை என்று சொல்லவந்ததை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் கோலன் குறுக்கே விழுகிறது. இந்தத் தவறு வருவதற்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். ‘பொழுதுபோக்குகள்: வாசிப்பு, பாட்டு, நீச்சல்’ என்று தமிழில் எழுதினால் எந்தக் குறையும் தெரியாது, வினையே தேவையில்லை. ஆங்கிலத்தில் வினையையும் எழுதிவிட்டு, பழக்கத்தில் கோலனையும் சேர்த்துவிடுகிறோம்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. கோலனையும் அதன் பின்னால் உள்ளதையும் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் நிற்குமா? ‘மை ஹாபீஸ் ஆர்’ நிற்காது, தொங்கும். ‘ஐ ஹேவ் த்ரீ ஹாபீஸ்’ நிற்கும். ஆகவே திருத்த இரண்டு வழி: கோலனை எடுத்துவிட்டு ‘மை ஹாபீஸ் ஆர் ரீடிங், சிங்கிங் அண்ட் ஸ்விம்மிங்’ என்று ஒரே ஓட்டமாக எழுதலாம், அல்லது ‘ஐ ஹேவ் த்ரீ ஹாபீஸ்: ரீடிங், சிங்கிங் அண்ட் ஸ்விம்மிங்’ என்று முன்பகுதியை முழுமையாக்கலாம்.

‘இன்க்ளூட்’, ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’, ‘சச் ஆஸ்’, ‘இன்க்ளூடிங்’ ஆகியவற்றை ஒட்டியும் கோலன் வராது. ‘சச் ஆஸ்’ஸுக்குப் பின் கமாவும் வேண்டாம், தேவைப்பட்டால் அதற்கு முன்னால்தான் வரும். ‘சச் ஆஸ்’ என்று தொடங்கிய பட்டியலை ‘எட்செட்ரா’ என்று முடிப்பதும் வீண். இவை உதாரணங்கள் மட்டுமே என்பதை முதல் சொல்லே சொல்லிவிட்டது.

மாறாக, ‘தி ஃபாலோயிங் டாக்குமென்ட்ஸ் ஆர் ரிக்வயர்ட்’, ‘ஆஸ் ஃபாலோஸ்’ போன்ற தொடர்களுக்குப் பின் கோலன் கட்டாயம். பட்டியலில் பத்துப் பொருள் இருந்தாலும் அது ‘ஆஸ் ஃபாலோஸ்’தான், ‘ஆஸ் ஃபாலோ’ ஆகாது.

ஒன்றன்கீழ் ஒன்றாகப் புள்ளியிட்டு எழுதும் பட்டியலில் மட்டும் நடைவிதிகள் வேறுபடுகின்றன. பிரிட்டன் அரசின் இணையதள நடையில் அறிமுக வரி முழுமையாக இல்லாவிட்டாலும் கோலன் வரும். அமெரிக்காவின் சிகாகோ நடைக் கையேட்டில் அங்கேயும் கோலன் கிடையாது. எதை எடுத்தாலும் ஆவணம் முழுக்க அதையே கடைப்பிடியுங்கள்.

நம் வினாத்தாள்களிலும் சுற்றறிக்கைகளிலும் கோலனை ஒட்டி ஒரு கோடும் இழுக்கிறார்கள். அது பழைய அச்சுப் பழக்கம்; கோட்டை விட்டுவிடுங்கள். கோலனுக்கு முன் இடைவெளி வேண்டாம், பின்னால் ஒன்று போதும். சாதாரணப் பட்டியல் சிறிய எழுத்தில் தொடங்கும், முதல் சொல் ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ ஆனாலொழிய.

பட்டியலின் உருப்படிக்குள்ளேயே கமா இருந்தால் உருப்படிகளைப் பிரிக்க அரைப்புள்ளி, அதாவது செமிகோலன் போடுங்கள்: ‘வி ஹேவ் த்ரீ ஆஃபிசஸ்: சேலம், தமிழ்நாடு; மைசூரு, கர்நாடகா; அண்ட் கொச்சி, கேரளா.’ இங்கே கமா மட்டும் போட்டால் மூன்று அலுவலகமா ஆறா என்று படிப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசி உருப்படிக்கு முன் வரும் கமா வேண்டுமா என்பதில் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கும் அமெரிக்கப் பதிப்பகங்களுக்கும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் பொருள் குழம்பும் இடத்தில் தயங்காமல் போடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஓவர்டைம் ஊதியம் பெறாத வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொன்னது. வரிசையின் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று, ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஆர்’ருக்கு முன் கமா இல்லாமல் இருந்தது. விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதை மட்டும்தான் சொல்கிறதா? பாலை விநியோகித்து வந்த ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் ஓவர்டைம் ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசகம் தெளிவற்றது என்று கூறி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இதற்கிடையே அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு வேலைக்கும் நடுவே செமிகோலன் போட்டார்கள்.