வீட்டில் மாட்சா: கொதிக்க விடாமல், கட்டி தட்டாமல்

ஊரிலிருந்து வரும் போன்களில் இப்போது பாதி மாட்சாவைப் பற்றித்தான். "நீ ஜப்பான்லதானே இருக்கே, அந்தப் பச்சைப் பொடி குடிச்சா உடம்பு இளைக்குமாமே?" என்று சித்தி கேட்கிறாள். "ஒரே கசப்பு அண்ணி, டப்பாவோட மூடி வச்சிட்டேன்" என்கிறாள் தம்பி மனைவி. ஓசாகாவில் எங்கள் வீட்டிலிருந்து மாட்சாவுக்குப் பேர்போன உஜி ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். அங்கே பார்த்ததையும் என் அடுப்படியில் தினமும் செய்வதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

சாதாரண டீயில் சாறு இறங்கியதும் இலையை வடித்துவிடுகிறோம். மாட்சா என்பது பச்சைத் தேயிலையை அரைத்த பொடி, அதில் இலையே வயிற்றுக்குள் போகிறது. நல்ல பொடி வாங்க வேண்டும், அளவோடு போட வேண்டும், கொதிநீர் ஆகாது என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

மே மாத அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தேயிலைத் தோட்டத்தைக் கறுப்பு வலையால் மூடிவிடுவார்கள். வெயில் படாத இலையில் பச்சையம் கூடும். தியானின் என்ற அமினோ அமிலமும் வெயிலில் துவர்ப்பாக மாறாமல் பெருமளவு அப்படியே தங்கும். நாக்கில் படும் அந்த மெல்லிய இனிப்பு அதிலிருந்து வருவது. பிறகு இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் இயந்திரத்தில் அரைப்பார்கள். ஒரு இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அரைத்தாலே பெரிய விஷயம். உஜியில் சில கடைகளில் நம்மையே கைக்கல் சுற்றவிடுவார்கள். தோள் வலித்ததுதான் மிச்சம், கிண்ணத்தில் விழுந்தது ஒரு சிட்டிகை. அதற்கப்புறம் விலையைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை.

வாங்கும்போது 'செரிமோனியல் கிரேடு' (தேநீர்ச் சடங்குக்கான தரம்) என்ற எழுத்தை நம்பாதீர்கள். அதற்குச் சட்டப்படி ஒரு வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நிறத்தைப் பாருங்கள்: பளிச்சென்ற பச்சை நல்லது, மஞ்சளோ காக்கியோ ஓடியிருந்தால் வேண்டாம். பின்பக்கம் பொருள் பட்டியலில் முதலில் சர்க்கரை இருந்தால் அது பச்சை நிறச் சர்க்கரைதான். 'கிரீன் டீ பவுடர்' என்று மட்டும் போட்டு மலிவாக விற்பது பெரும்பாலும் வெயிலில் வளர்ந்த சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்தது, அது வேறு சரக்கு. 2024 இலையுதிர் காலத்திலிருந்து தட்டுப்பாடு வந்து, கியோத்தோ பக்கம் பேர்பெற்ற கடைகளே ஒருவருக்கு இத்தனை டின் என்று கணக்கு வைத்தன. தட்டுப்பாடான நேரத்தில் ரொம்ப மலிவாகக் கிடைத்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். முதல் தடவை 30 கிராம் டின் போதும்.

இனி கலக்கும் முறை. ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம், அதாவது சின்ன டீஸ்பூனில் தலை தட்டி ஒன்று. அதை டீ வடிகட்டியில் சலித்தே போடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல் பட்டு விட்டால் எவ்வளவு கலக்கினாலும் கட்டி கட்டியாக மிதக்கும். தண்ணீர் 60 முதல் 70 மில்லி, சூடு 80 டிகிரிக்குப் பக்கத்தில். தெர்மாமீட்டர் தேவையில்லை, நம் வீட்டு டபரா டம்ளரே போதும். கொதித்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அங்கிருந்து டபராவுக்கு மாற்றுங்கள். பாத்திரம் மாறும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும் என்பது இங்கே தேயிலைக் கடைகளில் சொல்லித்தரும் கணக்கு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும்தான் முன்னே வந்து நிற்கும். தம்பி மனைவி பால் டீ மாதிரி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டிருக்கிறாள், வேறென்ன ஆகும்?

கலக்குவதற்கு மூங்கிலில் செய்த 'சாசென்' என்ற கருவி உண்டு. நாரா மாவட்டத்துத் தகயாமா கிராமம் இதற்குப் பேர்போனது. ஒரே மூங்கில் துண்டை நுனியில் கீறிக் கீறி மெல்லிய குச்சிகளாகப் பிரித்திருப்பார்கள். முதலில் அதன் நுனியை வெந்நீரில் கொஞ்சம் ஊறவிடுங்கள், உடையாது. பிறகு மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னும் வேகமாக அடிக்க வேண்டும். வட்டமாகச் சுற்றுவதும் அடியில் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். நுரை வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கிலேயே உராசென்கே மரபினர் நிறைய நுரை எழுப்புவார்கள், ஓமோதெசென்கே மரபினர் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். சாசென் இல்லையா, பேட்டரியில் ஓடும் பால் நுரைப்பான் போதும். குடிப்பதற்கு முன் ஒரு வாய் இனிப்பு சாப்பிடுவது இங்கத்திய வழக்கம். என் தேர்வு பால்கோவா.

பால் சேர்த்துக் குடிக்க வேண்டுமென்றால், 2 கிராம் பொடியை 30 மில்லி வெந்நீரில் நன்றாகக் கரைத்துக்கொண்டு, அப்புறம் 150 மில்லி சூடான பாலை ஊற்றுங்கள். பொடியை நேராகப் பாலில் கொட்டினால் கரையாது. இனிப்புக்கு வெல்லப்பாகு அருமையாகச் சேரும். இங்கேயும் ஒகினாவாவின் கருப்புக் கரும்புச் சர்க்கரையில் காய்ச்சிய பாகை மாட்சா இனிப்புகள் மேல் ஊற்றுகிறார்கள், அதனால் ஜோடி புதிதல்ல. ஏலக்காய், இஞ்சி இரண்டும் வேண்டாம், மாட்சாவின் வாசனை காணாமல் போய்விடும். கோடைக்கு என் வீட்டில் செய்வது இளநீர் மாட்சா: கண்ணாடி டம்ளரில் ஐஸ், அதன் மேல் இளநீர், கடைசியில் கெட்டியாகக் கரைத்த மாட்சாவை மெதுவாக ஊற்றினால் பச்சை மேலே நிற்கும். எலுமிச்சை பிழிந்தால் ருசி பரவாயில்லை, ஆனால் புளிப்பில் பச்சையம் சிதைந்து கொஞ்ச நேரத்தில் நிறம் மங்கும். விருந்தாளிக்குக் கொடுப்பதென்றால் பிழிந்த கையோடு கொடுத்துவிடுங்கள்.

சரி, சித்தியின் கேள்விக்கு வருகிறேன். மாட்சா மட்டும் குடித்து யாரும் இளைப்பதில்லை. இதை மருந்தாகப் பேசுவது புதிதும் அல்ல. 1214-இல் எய்சாய் என்ற துறவி, முந்தின நாள் குடித்த மதுவால் தலை தூக்க முடியாமல் கிடந்த ஷோகன் (ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர்) சனெதொமோவுக்குத் தேநீர் கொடுத்தார், கூடவே தேநீரின் பெருமை பேசும் தன் நூலையும் கொடுத்தார். உண்மையான பலன் என்னவென்றால், 2 கிராமில் சுமார் 64 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது, அதனால் தூக்கம் கலையும். தியானினும் சேர்ந்திருப்பதால் படபடப்பு குறைவு என்பார்கள், எனக்கும் அப்படித்தான். மாலை நான்கு மணிக்கு மேல் நான் தொடுவதில்லை. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். காபியும் அந்தக் கணக்கில் வரும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் இதைக் குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேர்வதை இது குறைக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது, இலையை முழுதாகச் சாப்பிடுவதால் வைட்டமின் கே நிறையவே உள்ளே போகும், அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். பச்சைத் தேயிலைச் சாற்றை அடர்த்தியாக்கி விற்கும் மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள், அதிக அளவில் எடுத்தால் கல்லீரலைப் பாதிக்கும்.

திறந்த டின்னை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளியே எடுத்த உடனே திறந்தால் ஈரம் கோர்த்துப் பொடி கட்டிவிடும், கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். நாள்பட்டு மங்கிப்போன பொடியை எறிய வேண்டாம். சம அளவு தூள் உப்போடு கலந்து வையுங்கள். இங்கே மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்வது அதுதான். கத்தரிக்காய் பஜ்ஜிக்கும் நன்றாக இருக்கிறது.