இஸ்ரேல், ஜோர்டான் ஒரே ட்ரிப்ல போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

முதல் தப்பு, ஜோர்டானை ஓரமா வைக்கிறது. ஒரு வாரம் இஸ்ரேல், கடைசில ஒரே ஒரு நாள் ஜோர்டான்ல பாறையைச் செதுக்கிக் கட்டின பழைய நகரமான பெட்ரானு ப்ளான் போடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். மோசே கடைசியா நின்னு கானான் தேசத்தைப் பாத்த நேபோ மலை ஜோர்டான்லதான் இருக்கு, இயேசுவோட ஞானஸ்நானத் தலம்னு யுனெஸ்கோ 2015ல பட்டியல்ல சேத்த அல் மக்தாஸும் யோர்தான் நதியோட ஜோர்டான் பக்கக் கரைலதான், யோவான் ஸ்நானகனை ஏரோது கொன்ன இடம்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பஸ் எழுதி வச்ச மாக்கேருஸ் கோட்டையும் அங்கதான். மாதபால ஒரு சர்ச் தரைல 6ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கு, அதுல எருசலேமைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் நிஜ எருசலேமுக்குப் போங்க, அந்த அனுபவமே வேற. நேபோ, மாதபா, அல் மக்தாஸ் மூணும் அம்மானுக்குப் பக்கம்தான், ஒரு நாள் போதும். பெட்ராவுக்குத் தனியா நாள் ஒதுக்குங்க, நடையே நிறைய.

அடுத்தது பார்டர், நிறைய பேர் மாட்டுறது இங்கதான். வடக்க ஷேக் ஹுசைன், எரிகோ பக்கம் ஆலன்பி பாலம், தெற்க ஏலாத்துக்கும் அகாபாவுக்கும் நடுவுல ஒண்ணு, மொத்தம் 3 வழி. எருசலேமுக்குக் கிட்டனு ஆலன்பிக்குப் போயிடுவாங்க, ஆனா அங்க ஜோர்டான் விசா ஆன் அரைவல் கிடையாது, கைல விசா இல்லேனா திரும்ப வேண்டியதுதான்.

நம்ம பாஸ்போர்ட்டுக்கு இஸ்ரேல் விசா முன்னாடியே எடுக்கணும். டெல் அவிவ்ல இறங்கி ஜோர்டான் போயிட்டு மறுபடி இஸ்ரேல் வர்றதா இருந்தா சிங்கிள் என்ட்ரி விசா உதவாது. அதனால அம்மான்ல இறங்கி, ஜோர்டானை முடிச்சுட்டு இஸ்ரேல் போய், டெல் அவிவ்லயே ஃப்ளைட் ஏறுங்க, என்னைக் கேட்டா இதுதான் நல்ல ரூட். ஜோர்டான் பாஸ்ங்கிற டூரிஸ்ட் பாஸை கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கி அங்க 3 ராத்திரி தங்கினா விசா கட்டணம் மிச்சம், பெட்ரா டிக்கெட்டும் அதுலயே வந்துடும், ஆனா நேபோ மலைக்குத் தனியாக் கட்டணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஸ்ரேல்ல இடம் மாறுற மாதிரி வைக்காதீங்க, ஓய்வுநாள் ஆரம்பிச்சுட்டா பஸ், ட்ரெய்ன் பெரும்பாலும் நின்னுடும். யூதர்களோட உபவாச நாளான யோம் கிப்பூர் அன்னைக்கு எல்லைகளையே மூடிடுவாங்க. வாடகைக் காரோட பார்டர் தாண்டவும் முடியாது, அந்தப் பக்கம் வேற வண்டிதான்.

ரெண்டு நாட்டு நிலைமையும் சட்டுனு மாறுது, அதனால டிக்கெட் போடும்போது ஒரு தடவை, கிளம்புற வாரம் இன்னொரு தடவை வெளியுறவுத்துறை அறிவிப்பைப் பாருங்க. இன்சூரன்ஸ்ல போர் சம்பந்தப்பட்ட பாதிப்பு கவராகுமானு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.