சோலார் வீட்டு மின்கட்டணத்தில் டெலிவரி கட்டணப் பகுதியைப் படிப்பது எப்படி? கலிஃபோர்னியா வாசிகளுக்கு

வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்திய பிறகும் பில்லில் டெலிவரி கட்டணம் இருப்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். கம்பம், கம்பி, மின்மாற்றி ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவின் பெரும்பகுதி, கிரிட்டிலிருந்து, அதாவது பொது மின்வலையிலிருந்து, நாம் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டின் மீதும் ஏற்றப்படுகிறது. தகடு தரும் மின்சாரம் அந்த நேரத்திலேயே வீட்டுக்குள் செலவானால் அந்த யூனிட்டுக்கு டெலிவரி கட்டணம் இல்லை. இருட்டிய பின் கிரிட்டிலிருந்து எடுக்கும் யூனிட்டுக்கு உண்டு.

முதலில் உங்கள் இணைப்பு எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிஜி&இ, சதர்ன் கலிஃபோர்னியா எடிசன், சான் டியாகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் 2023 ஏப்ரல் 15 என்ற தேதியே எல்லைக்கோடு. அதற்கு முன் முறையாக விண்ணப்பித்தவர்கள் பழைய நெட் மீட்டரிங் திட்டத்திலும், பின்னர் விண்ணப்பித்தவர்கள் நெட் பில்லிங் திட்டத்திலும் இருப்பார்கள்.

பழைய திட்டத்தின் பிந்தைய வடிவமான நெட் மீட்டரிங் 2.0-இல், நண்பகலில் கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு டெலிவரிப் பங்கும் சேர்ந்த சில்லறை விலையே ஏறக்குறைய முழுதாக வரவு வைக்கப்படுகிறது. ஆயினும் பொதுநலத் திட்டங்கள், அணு உலைகளை மூடும் செலவு, காட்டுத்தீ நிதி போன்றவற்றுக்கான, யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று சென்ட் ஆகும் தொகையை அந்த வரவைக் கொண்டு கழிக்க முடியாது.

நெட் பில்லிங்கில் கணக்கே வேறு. உள்ளே வருவதும் வெளியே போவதும் தனித்தனியாக அளக்கப்படுகின்றன. வெளியே போகும் யூனிட்டுக்கு மணிக்கு மணி மாறும் மிகக் குறைந்த மதிப்பே கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, நண்பகலில் அனுப்பும் 10 யூனிட்டுக்கு ஆறு சென்ட் வீதம் 60 சென்ட் வரவு வந்து, மாலை ஏழு மணிக்கு எடுக்கும் 10 யூனிட்டுக்கு 45 சென்ட் வீதம் நாலரை டாலர் பற்று எழுந்தால், யூனிட் கணக்கு சமமாக இருந்தும் பணக்கணக்கில் மூன்று டாலர் தொண்ணூறு சென்ட் துண்டு விழுகிறது. அந்த 45 சென்ட்டில் பெரும்பங்கு டெலிவரி கட்டணம் என்பதால், அதைக் குறைக்கும் வழி நீங்கள் மின்சாரத்தைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் இருக்கிறது. துணி துவைப்பதையும் காரை சார்ஜ் செய்வதையும் பகலுக்கு மாற்றுங்கள். பேட்டரி இருந்தால், மாலை நான்கு முதல் ஒன்பது வரையிலான உச்ச விலை நேரத்தில் வீடு அதிலிருந்து மின்சாரம் எடுக்குமாறு அமைத்துவிடுங்கள். என் கருத்தில், புதிய திட்டத்தில் சேர்வோர் தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பேட்டரியைப் பற்றி யோசிப்பதே முக்கியம்.

எந்தத் திட்டத்தில் இருந்தாலும் தப்பாதது மாத நிலைக்கட்டணம். மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் இதற்கு ஒப்புதல் அளித்தது. பெரும்பாலான வீடுகளுக்கு 24.15 டாலர், குறைந்த வருமானத்தோருக்கான கேர் சலுகை பெறுவோருக்கு ஆறு டாலர் அளவில். இதற்கு ஈடாக யூனிட் விலை சற்றுக் குறைக்கப்படுகிறது. ஆனால் கிரிட்டிலிருந்து சில யூனிட்டுகளே எடுக்கும் சோலார் வீட்டுக்கு அந்தக் குறைப்பால் பெரிய பலன் இல்லை.

சான் ஹோசே கிளீன் எனர்ஜி போன்ற ஊர் அமைப்பிடமிருந்து மின்சாரம் வாங்குவோர், உற்பத்திக் கணக்கு அந்த அமைப்பிடமும் டெலிவரிக் கணக்கு பிஜி&இ-யிடமும் தனித்தனியாக இருப்பதை மறக்க வேண்டாம். பழைய திட்டத்தில் இருப்போர், மாத பில் சிறிதாக வருகிறது என்று இருந்துவிடாமல், ஆண்டு முடிவில் வரவு பற்றைத் தீர்க்கும் ட்ரூ-அப் கணக்கில் சேர்ந்துவரும் பாக்கியை மாதந்தோறும் பார்த்துவாருங்கள்.

பழைய திட்டத்தில் இருப்போர் கூடுதல் தகடு போடுமுன் யோசிக்க வேண்டும். இப்போதுள்ள தகடுகளின் திறனில் 10 சதவீதம் அல்லது ஒரு கிலோவாட், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், இணைப்பு பெற்றதிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிய அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். பேட்டரி மட்டும் சேர்ப்பதால் போகாது.